காற்றை வென்றவர்கள், மழைநீரில் சறுக்கியவர்கள்: எஸ்ஓஎம் கட்டடங்கள்

துபாய்க்குப் போன நம்மவர்களில் புர்ஜ் கலீஃபாவைப் பின்னால் வைத்துப் படம் எடுக்காதவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். அந்தக் கோபுரத்தை வடிவமைத்தது சிகாகோவில் பிறந்த ஒரு நிறுவனம்: ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில், சுருக்கமாக எஸ்ஓஎம். உயர்ந்த கட்டடங்களின் வரலாற்றை எந்தப் பக்கத்தில் திறந்தாலும் இந்தப் பெயர் கண்ணில் படும். இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடியின் அழகையும் நேர்கோடுகளையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கட்டுமானத்தில் இருப்பவர்களுக்கு வேண்டியது வேறு. காற்று கட்டடத்தை எப்படித் தள்ளுகிறது, சுமை எந்த வழியாக மண்ணுக்கு இறங்குகிறது, மழைநீர் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது? முதல் இரண்டில் இவர்கள் செய்த வேலைக்கு இணை சொல்வது கடினம். மூன்றாவதில் இரண்டு பெயர்பெற்ற கட்டடங்களில் மோசமாகவே சறுக்கினார்கள். வெற்றியை மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாக ஆகும் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

லூயிஸ் ஸ்கிட்மோரும் நதானியேல் ஓவிங்ஸும் மச்சான்கள். ஓவிங்ஸின் சகோதரியைத்தான் ஸ்கிட்மோர் மணந்திருந்தார். 1933-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்காக இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். கண்காட்சி வேலையில் தேதி தவற முடியாது. பொருளாதாரப் பெருமந்த காலம் என்பதால் கையில் பணமும் குறைவு. அந்தப் பழக்கத்தோடு 1936-இல் அலுவலகம் தொடங்கினார்கள், அடுத்த ஆண்டே நியூயார்க்கில் கிளை போட்டார்கள். 1939-இல் பொறியியல் பக்கத்தைக் கவனிக்க ஜான் மெரில் கூட்டாளியாகச் சேர்ந்தார்.

நிறுவனத்தைப் பெரிதாக்கியது வானுயர் கோபுரம் எதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்துக்காக டென்னசி மாநிலத்தில் ரகசியமாக எழுப்பிய ஓக் ரிட்ஜ் நகரம்தான். முதலில் 13,000 பேருக்கு என்று போட்ட கணக்கு 1945-இல் சுமார் 75,000 பேரில் போய் நின்றது. வீடுகளுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்துகளையே பெயராக வைத்தார்கள். சுவருக்கு செமெஸ்டோ என்ற பலகை: நடுவில் கரும்புச் சக்கையிலிருந்து எடுத்த நார்ப்பலகை, இரண்டு முகத்திலும் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் தகடு. செங்கலும் மரமும் தட்டுப்பாடான காலத்தில் வேகமாக நிறுத்தக்கூடிய சுவர் அது. இன்று அந்த வீடுகளைப் பழுதுபார்ப்பவர்கள் சுவரில் ட்ரில் போடும் முன் ஆஸ்பெஸ்டாஸ் தூசியை நினைத்துப் பயப்பட வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். சில மாதிரிகளை மட்டும் வரைந்து, அவற்றின் இணைப்புகளை ஒரே தரத்தில் முடிவு செய்து, ஆயிரக்கணக்கில் கட்டுவது என்ற முறை இங்கேதான் கைவந்தது. பின்னால் வந்த கண்ணாடிக் கோபுரங்கள் எல்லாம் இந்தப் பயிற்சியின் மேல் நின்றவை என்பதே என் கருத்து.

1952-இல் நியூயார்க் பார்க் அவென்யூவில் லீவர் ஹவுஸ் திறந்தது. வடிவமைப்பு கார்டன் பன்ஷாஃப்ட். உடன் இருந்து வேலையை ஒருங்கிணைத்தவர் நடாலி டி ப்ளூவா. அன்றைய நியூயார்க் கட்டட விதிப்படி மனையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மூடாத கோபுரம், படிப்படியாக உள்வாங்காமல் நேராக எத்தனை உயரமும் போகலாம். மற்றவர்கள் முழு மனையையும் நிரப்பி, மேலே போகப் போகப் படிக்கட்டு மாதிரி குறுக்கிக்கொண்டிருந்தபோது, இவர்கள் கால் பங்கில் மெல்லிய பெட்டி போன்ற கோபுரத்தை நிறுத்தி, தரைத்தளத்தைத் திறந்துவிட்டார்கள். வெளிச்சுவர் சுமை எதையும் தாங்காது. தளங்களின் விளிம்பில் மாட்டித் தொங்கும் கண்ணாடித் திரை அது, கட்டுமானக்காரர்கள் கர்ட்டன் வால் என்பது. உள்ளே ஏசி, ஜன்னல் எதுவும் திறக்காது. சோப்பு கம்பெனியின் தலைமையகம் என்பதால் கண்ணாடி எப்போதும் பளிச்சென்று இருக்க வேண்டும். வெளியிலிருந்து கழுவுவதற்காகக் கூரையில் தண்டவாளம் போட்டு, அதிலிருந்து தொட்டிலை இறக்கினார்கள்.

சிக்கல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. வெளியே தெரிந்த சட்டங்கள் துரு ஏறாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அவற்றுக்கு உள்ளே பிடித்துக்கொண்டிருந்த சட்டமோ சாதாரணக் கார்பன் ஸ்டீல். காலப்போக்கில் செங்குத்துச் சட்டங்களின் பின்னால் நீர் கசிந்து நின்றது. இரும்பு துரு ஆகும்போது பல மடங்கு பருமனாகிறது. நம் வீட்டு சன்ஷேடில் கம்பி துருப்பிடித்து கான்கிரீட்டை உரித்துத் தள்ளுவதும் இதே காரணத்தால்தான். இங்கே அந்த வீக்கம் கிடைமட்டச் சட்டங்களை வளைத்தது, தளங்களுக்கு நடுவே இருந்த நிறக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக விரிசல் விட்டு உடைந்தன. மாற்றிப் போட்ட கண்ணாடியின் நிறம் பழையதோடு பொருந்தவில்லை. 1990-களில் பார்த்தபோது முதலில் பதித்த கண்ணாடியில் சுமார் ஒரு சதவீதமே மிச்சம். கட்டடம் 1982-லேயே பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகிவிட்டதால் தோற்றத்தை மாற்றவும் முடியாது. எஸ்ஓஎம் நிறுவனமே திரும்ப வந்து, வெளித்தோற்றம் அப்படியே இருக்க, உள்ளே இக்காலத்துச் சட்டமுறையோடு முழுச் சுவரையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தது.

கர்ட்டன் வால் போடுகிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நேரானது. நீர் உள்ளே வராது என்று நம்பிச் சட்டத்தை வடிவமைக்கக் கூடாது. வரும் என்று வைத்துக்கொண்டு, வந்த நீர் வடிவதற்குச் சட்டத்துக்குள்ளேயே வழியும், அடியில் வெளியேற ஓட்டையும் விட வேண்டும். நீர் தொடக்கூடிய இடத்தில் துரு ஏறும் உலோகம் இருக்கவே கூடாது.

இரண்டாவது சறுக்கல் இன்னும் வருத்தமானது, ஏனென்றால் அங்கே சரியான விவரம் வரைபடத்தில் இருந்தது. கொலராடோவில் அமெரிக்க விமானப்படை அகாடமியின் தேவாலயம், 1962-இல் முடிந்தது. வால்டர் நெட்ஷ் வடிவமைத்தது. எஃகுக் குழாய்களால் ஆன 100 நான்முகிகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்கி, 17 கூர்முனைகளாக எழுப்பி, மேலே அலுமினியத் தகடு போர்த்தியது. முதல் வடிவமைப்பில் தகடுகளுக்கு அடியில் நீரை வழித்து வெளியே விடும் ஃபிளாஷிங்கும் வடிகாலும் இருந்தன. செலவைக் குறைக்க அவற்றை எடுத்துவிட்டு, இணைப்புகளில் சீலன்ட் என்ற அடைப்புப் பசையை அடைத்தார்கள். முதல் மழையிலிருந்தே ஒழுகத் தொடங்கியது.

ஏன் சீலன்ட் தாங்காது? வெப்பநிலை 40 டிகிரி மாறினால் 10 மீட்டர் அலுமினியம் சுமார் 9 மில்லிமீட்டர் நீளும். அதே நீள எஃகு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர்தான். மேலே போர்த்தியது அலுமினியம், அடியில் தாங்குவது எஃகு. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி அடிக்கும் இடம். ஒவ்வொரு நாளும் இணைப்பு திறந்து மூடும். சீலன்ட் இழுபட்டு, கெட்டியாகி, விளிம்பில் விட்டுப்போகும். மறுபடி அடைப்பார்கள், மறுபடி போகும். 2019-இல் தேவாலயத்தை மூடி, சுற்றிலும் பெரிய தற்காலிகக் கூடம் எழுப்பி, தகடுகளைக் கழற்றி, அன்றைக்கு விட்டுப்போன வடிகாலைப் போடும் வேலையில் இறங்கினார்கள். அன்று மிச்சம் பிடித்ததைப் போல எத்தனையோ மடங்கு செலவு.

சிகாகோவின் இன்லேண்ட் ஸ்டீல் கட்டடத்தை (1958) ஒரு பத்தியில் சொல்லிவிடலாம், ஆனால் விட்டுவிட முடியாது. 19 தளம். லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை எல்லாவற்றையும் பக்கத்தில் ஒட்டிய தனிக் கோபுரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். தூண்கள் நீளப் பக்கங்களின் வெளியே, பக்கத்துக்கு 7. நடுவில் சுமார் 18 மீட்டர் அகலத்துக்கு ஒரு தூண்கூடக் கிடையாது. எஸ்ஓஎம்மின் கட்டடக்கலைஞர் புரூஸ் கிரஹாமின் பெயர் எழுந்தது இந்த வேலையில்.

அந்தக் கிரஹாமின் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 1929-இல் டாக்காவில் பிறந்தவர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுகலைப் பட்டங்களும் ஒரு முனைவர் பட்டமும் பெற்றவர். 1955-இல் எஸ்ஓஎம்மில் சேர்ந்தார். கட்டடக்கலைஞர் படம் வரைந்து கொடுத்த பிறகு அதை எப்படியாவது நிறுத்திக் கொடுப்பவராகப் பொறியாளர் இருந்த காலத்தில், முதல் கோடு போடும்போதே இருவரும் சேர்ந்து யோசித்ததுதான் இந்த நிறுவனத்தின் பெரிய பலம். என்னைக் கேட்டால் 20-ஆம் நூற்றாண்டின் உயர்கட்டடங்களுக்கு கானைப் போல் கொடுத்தவர் வேறு யாரும் இல்லை.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி காற்று. உயரமான கட்டடம் தரையில் ஊன்றிய கம்பு மாதிரி. சீராகக் காற்று தள்ளுகிறது என்று வைத்தால், உயரம் இரண்டு மடங்கு ஆகும்போது அடியில் வளைக்கும் விசை 4 மடங்கு; அதே விறைப்பு இருந்தால் உச்சியின் அசைவு 16 மடங்கு. பழைய முறையில் உள்ளே தூணும் பீமும் கட்டமாகப் போட்டு, அந்தச் சட்டங்களின் இணைப்பு விறைப்பை நம்பினார்கள். உயரம் கூடக் கூடச் சுமையைத் தாங்கும் எஃகைவிடக் காற்றைத் தாங்கும் எஃகு அதிகமாகும். கான் சொன்னது, எதிர்க்கும் பொருளை எல்லாம் வெளிச்சுற்றுக்குக் கொண்டுபோ என்று. நெருக்கமான தூண்கள், அவற்றை இணைக்கும் ஆழமான பீம்கள், இடையில் ஜன்னல் துளைகள். கட்டடமே ஒரு பெரிய குழாய் ஆகிவிடும். இதே எடையுள்ள திடக் கம்பியைவிடக் குழாய் எவ்வளவு விறைப்பு என்பது மூங்கிலைப் பிடித்த எல்லோருக்கும் தெரியும். சிகாகோவில் 43 தள டிவிட்-செஸ்ட்நட் குடியிருப்பில் இதைக் கான்கிரீட்டில் செய்து காட்டினார். தூண்களின் இடைவெளி ஐந்தரை அடி.

இந்தக் குழாயிலும் ஒரு குறை உண்டு. ஜன்னல் துளைகளால் இணைப்பு பீம்கள் சற்றே வளைகின்றன. அதனால் காற்று தள்ளும்போது மூலைத் தூண்கள் தம் பங்குக்கு மேல் சுமக்கின்றன, பக்கத்தின் நடுவில் உள்ள தூண்கள் சோம்பி நிற்கின்றன. ஷியர் லேக் என்பது இதைத்தான். கானும் கிரஹாமும் இதற்கு இரண்டு விடை கண்டார்கள்.

முதல் விடை 1969-இல் முடிந்த ஜான் ஹான்காக் சென்டர்: 100 தளம், 344 மீட்டர். வெளிமுகத்தில் பல தளங்களைத் தாண்டிப் போகும் பிரம்மாண்ட குறுக்குச் சட்டங்கள், எக்ஸ் வடிவில். அவை காற்றைத் தாங்குவதோடு, தூண்களுக்கிடையே சுமையைப் பங்கிட்டும் விடுகின்றன. கீழே கடைகள், கார் நிறுத்தம், அலுவலகம்; மேலே வீடுகள். அலுவலகத்துக்கு ஆழமான தளம் பரவாயில்லை, வீட்டுக்கு ஜன்னல் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் மேலே குறுகும் வடிவம் காற்றுக்கும் உகந்தது, உபயோகத்துக்கும் உகந்தது. எஃகுக் கணக்கைப் பாருங்கள்: ஹான்காக்கில் சதுர மீட்டர் தளத்துக்கு 145 கிலோ. 1931-இல் முடிந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 206 கிலோ. எஸ்ஓஎம்மே நியூயார்க்கில் கட்டிய, வெறும் 60 தளமே உள்ள சேஸ் மன்ஹாட்டன் கோபுரத்தில் 275 கிலோ.

மக்கள் எவ்வளவு அசைவை உணர்வார்கள் என்பதற்கு அப்போது சரியான அளவுகோல் இல்லை. சிகாகோ அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் சலவை இயந்திரக் கண்காட்சிக்காக வைத்திருந்த சுழலும் மேடையில் ஆட்களை நிறுத்தி, எந்த வேகமாற்றத்தில் தலை சுற்றுகிறது என்று பார்த்தார்கள். கட்டடம் விழாது என்று கணக்கு சொன்னால் போதாது. உள்ளே இருப்பவர் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும்.

ஆனால் ஹான்காக் பாதியில் நின்றுபோனது காற்றால் அல்ல, அஸ்திவாரத்தால். சுமார் 20 தளம் எழும்பியபோது, முழுக் கட்டடத்துக்கும் எதிர்பார்த்த அமிழ்வு அப்போதே வந்துவிட்டது. ஆழக் குழியில் எஃகு உறையை இறக்கி, கான்கிரீட் ஊற்றிக்கொண்டே உறையை மேலே உருவுவது முறை. உருவும்போது பச்சைக் கான்கிரீட்டும் உறையோடு ஒட்டி மேலே இழுபட்டால், நடுவே வெற்றிடம் விழுந்து மண் புகுந்துவிடும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. வேலையை நிறுத்தி, அஸ்திவாரங்களைச் சோதித்து, பழுதானவற்றைச் சரிசெய்த பிறகே தொடர முடிந்தது. இன்றும் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் அஸ்திவாரத் தூண்) போடுகிற இடத்தில் உறையை எந்த வேகத்தில் உருவுகிறார்கள், உறையின் அடிமுனை எப்போதும் கான்கிரீட் மட்டத்துக்குக் கீழேயே இருக்கிறதா, ஊற்றிய கான்கிரீட்டின் அளவும் குழியின் கணக்கும் பொருந்துகின்றனவா என்று ஒருவர் பக்கத்திலேயே நின்று குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது விடை சியர்ஸ் டவர், இன்று வில்லிஸ் டவர். 442 மீட்டர், 1973-இல் உச்சியைத் தொட்டது. பக்கத்துக்கு 75 அடியுள்ள 9 சதுரக் குழாய்களை 3-க்கு 3 என்று ஒட்டிக் கட்டிய கற்றை. குழாய்களுக்கு நடுவே வரும் உட்சுவர்த் தூண்வரிசைகள், சோம்பிக் கிடந்த நடுத்தூண்களையும் வேலைக்கு இழுக்கின்றன. 50-ஆம் தளத்தில் இரண்டு குழாய், 66-இல் இரண்டு, 90-இல் மூன்று என்று நின்றுவிட, இரண்டு மட்டும் உச்சிக்குப் போகின்றன. தூண்களின் இடைவெளி 15 அடி. எஃகுச் சட்டத்தைத் துண்டு துண்டாக மேலே கொண்டுபோகவில்லை. இரண்டு தள உயரத் தூணில் இருபக்கமும் பாதி பீம்களைப் பட்டறையிலேயே வெல்டிங் செய்து, மரம் மாதிரி ஒரே துண்டாகக் கொண்டுவந்தார்கள். கட்டும் இடத்தில் பீமின் நடுவில் போல்ட் போட்டால் போதும். காற்று தள்ளும்போது வளைவிசை மிகக் குறைவாக இருக்கும் இடம் பீமின் நடுவே என்பதால் இணைப்பை அங்கே வைப்பதுதான் புத்திசாலித்தனம். கடினமான வெல்டிங் கூரைக்கு அடியில், எளிய போல்ட் காற்றடிக்கும் உயரத்தில்.

கானின் கடைசிப் பெரிய வேலைகளில் ஒன்று ஜெத்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையம். 45 மீட்டர் சதுரமான 210 கூடாரங்கள், 21 வீதம் 10 தொகுதிகளாக. டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணி, எஃகுத் தூண்களிலிருந்து கம்பி வடங்களில் தொங்குகிறது. பக்கங்கள் திறந்தவை, சூடான காற்று கூம்பின் உச்சி வளையம் வழியே மேலே போய்விடும். பயணிகள் நிற்கும் பெரும் பகுதிக்கு ஏசியே இல்லை. 1982-இல் ஜெத்தாவிலேயே கான் காலமானார், வயது 52. உடல் சிகாகோவில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் போன பிறகும் கட்டடக்கலைஞரும் பொறியாளரும் சேர்ந்தே யோசிக்கும் பழக்கம் போகவில்லை. புர்ஜ் கலீஃபாவில் கட்டடக்கலைஞர் ஏட்ரியன் ஸ்மித், பொறியாளர் பில் பேக்கர். மூன்று இறக்கைகள், நடுவில் அறுகோண மையச் சுவர். மையம் தனியாக நின்றால் முறுக்கைத் தாங்கும், ஆனால் இவ்வளவு உயரத்துக்கு வளைவைத் தாங்காது. ஒவ்வொரு இறக்கையின் நடைபாதைச் சுவர்களும் மையத்துக்கு முட்டுக் கொடுக்கின்றன. ஓர் இறக்கையின் மேல் காற்று அடித்தால் மற்ற இரண்டும் தாங்கும். சியோலில் 2004-இல் முடித்த டவர் பேலஸ் 3 கட்டடத்தில் இந்த மூன்றிறக்கை வடிவத்தை ஏற்கெனவே பழகியிருந்தார்கள்.

காற்று கட்டடத்தைத் தாண்டும்போது இருபுறமும் மாறி மாறிச் சுழல்கள் பிரியும். சுழல் பிரியும் வேகம் காற்றின் வேகத்தையும் கட்டடத்தின் அகலத்தையும் பொறுத்தது. அது கட்டடத்தின் இயல்பான ஆட்டத்தோடு பொருந்திவிட்டால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது மாதிரி ஆட்டம் பெருகும். இதைத் தடுக்க எளிய வழி, அகலத்தை மாற்றிக்கொண்டே போவது. இறக்கைகள் சுருளாக ஒவ்வொன்றாக உள்வாங்க, எந்த இரண்டு உயரத்திலும் சுழல்கள் ஒரே தாளத்தில் பிரிவதில்லை. கனடாவில் 40-க்கும் மேற்பட்ட காற்றுச் சுரங்கச் சோதனைகள் நடந்தன. முடிவுகளைப் பார்த்து உள்வாங்கல்களின் வரிசையையும், கோபுரம் பார்க்கும் திசையையும் மாற்றினார்கள். இந்த மாற்றங்களால் காற்றுச்சுமை குறையக் குறைய உயரத்தைக் கூட்ட முடிந்தது. கடைசியில் 828 மீட்டர்.

கீழே நிலத்தடி நீர் கடல்நீரைவிட உப்பு. குளோரைடு 4.5 சதவீதம் வரை. அதில் சாதாரண பைல் போட்டால் கம்பி அரித்துவிடும். 1.5 மீட்டர் விட்டமும் சுமார் 43 மீட்டர் நீளமும் உள்ள 190-க்கும் மேற்பட்ட பைல்களுக்கு நீர்-சிமென்ட் விகிதம் 0.32, சிமென்ட்டோடு 25 சதவீதம் ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்), 7 சதவீதம் சிலிக்கா ஃபியூம் (மிக நுண்ணிய சிலிக்காத் தூள்) கலந்த அடர்த்தியான கான்கிரீட். அதற்கும் மேல் அரிப்பைத் தடுக்க டைட்டானியம் வலையில் மின்னோட்டம் கொடுக்கும் கதோடிக் பாதுகாப்பு. பைல்களின் மேல் அமரும் கான்கிரீட் பாளமான ராஃப்ட் 3.7 மீட்டர் தடிமன், 12,500 கன மீட்டர், நான்கு தடவையாக ஊற்றியது. கோடையில் மேல்தளக் கான்கிரீட்டை இரவில், கலவை நீரில் ஒரு பகுதியைப் பனிக்கட்டியாகப் போட்டு ஊற்றினார்கள். 600 மீட்டருக்கு மேல் பம்ப் செய்யும் குழாயில் கலவை இறுகிவிட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான். லீவர் ஹவுஸில் நீரைக் குறைத்து மதித்த அதே நிறுவனம், இங்கே நீரை முதல் எதிரியாக வைத்துக் கணக்குப் போட்டது.

இவர்களின் வேலையைப் பார்க்கத் துபாய் வரை போக வேண்டியதில்லை. மும்பை விமான நிலையத்தின் இரண்டாம் முனையம் (2014) இவர்களுடையது. பழைய முனையத்தை நிறுத்தாமலே அதன் இடத்தில் படிப்படியாகக் கட்ட வேண்டிய நெருக்கடியில் எக்ஸ் வடிவத் திட்டம் பிறந்தது. பெருங்கூடத்தின் கூரையை வெறும் 30 தூண்கள் தாங்குகின்றன. பெங்களூரின் இரண்டாம் முனையமும் இவர்கள் வரைந்ததே. அங்கே போனால் தலைக்கு மேலே மூங்கில் பின்னலைப் பார்த்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடாதீர்கள். பின்னலுக்கு இடையே கண்ணை விட்டு, மேலிருந்து வெளிச்சம் எப்படி வடிந்து இறங்குகிறது, கூரைச் சுமையை எடுக்கும் எஃகுத் தூண் எங்கே தரையைத் தொடுகிறது என்று தேடிப் பாருங்கள். மழைக்காலமாக இருந்தால், கூரை நீர் எந்த வழியாகக் கீழே வருகிறது என்பதையும்.